யுஎஸ்டிடியில் கூலி: வாங்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே வரைகலை வேலை செய்கிறேன். இதுவரை வங்கி மூலம் கூலி அனுப்பிவந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர், அடுத்த மாதம் முதல் யுஎஸ்டிடி என்ற டிஜிட்டல் நாணயமாக அனுப்புகிறேன் என்கிறார். வங்கிப் பிடித்தம் மிச்சமாகும், சில நிமிடங்களில் வந்துசேரும் என்கிறார். என் மைத்துனரோ, வந்ததை மாற்றவே வேண்டாம், ஒரு செயலியில் போட்டு வைத்தால் தினம் ஒரு சதவீதம் தருகிறார்கள் என்கிறார். அவருக்கு இரண்டு முறை பணமும் வந்திருக்கிறது. அரசுகள் வெளியிடும் டிஜிட்டல் பணமும் இதுவும் ஒன்றுதானா என்றும் புரியவில்லை. டிஜிட்டல் நாணயத்தை நம்பலாமா? அதைப் பயன்படுத்துவதில் லாபம் உண்டா?

பதில்: உங்கள் நாட்டில் சட்டத் தடை இல்லையென்றால் கூலியை யுஎஸ்டிடியில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சேமிப்பாக வைத்திருக்காமல், வந்த சில நாட்களுக்குள் உங்கள் நாட்டுப் பணமாக மாற்றிவிடுங்கள். மைத்துனர் சொல்லும் செயலியில் ஒரு டாலர்கூடப் போட வேண்டாம். அவர் போட்டிருப்பதையும் இன்றே வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடுக்க முடிகிறதா இல்லையா என்பதிலேயே அவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

நம்பலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே பொருளாக நினைத்துக் கேட்கிறார்கள். பிட்காயின், யுஎஸ்டிடி, அவற்றை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்ச், வட்டி தருவதாகச் சொல்லும் செயலி எல்லாமே அவர்களுக்குக் கிரிப்டோதான். ஒவ்வொன்றிலும் நீங்கள் யாருடைய வாக்கை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறீர்கள் என்பது வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் பயமும் குறையும், மயக்கமும் குறையும்.

பிட்காயினில் வாக்குக் கொடுப்பவர் என்று யாருமில்லை. 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய ஒரு பொதுப் பேரேடு அது. ஏறத்தாழ 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதிப் பதிவுகள் அதில் சேரும். மொத்த நாணயம் 2.1 கோடியைத் தாண்டாது. பழைய பதிவு ஒன்றைத் திருத்த வேண்டுமானால் அதற்குப் பின் வந்த அத்தனைத் தொகுதிகளையும் மீண்டும் கணக்கிட்டாக வேண்டும். அதனால்தான் பெரிய தொகை கைமாறும்போது 6 தொகுதிகள் சேரும்வரை, சுமார் ஒரு மணி நேரம், காத்திருக்கிறார்கள். இந்தப் பாதுகாப்பு, பேரேட்டைக் காக்கும் மொத்தக் கணினித் திறனைப் பொறுத்தது. எத்தீரியம் கிளாசிக் என்ற சிறிய நாணயத்தின் பேரேடு 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் பின்னோக்கித் திருத்தப்பட்டு, ஒரே நாணயம் இரண்டு முறை செலவழிக்கப்பட்டது. பேர் தெரியாத நாணயங்களை யாராவது பரிந்துரைத்தால் இதை நினைவில் வையுங்கள்.

பேரேடு சரியாக இருப்பதற்கும் விலை நிற்பதற்கும் தொடர்பில்லை. 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போன பிட்காயின் அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000 டாலர் அளவுக்கு இறங்கியது. அந்த இரண்டு நாளும் பேரேட்டில் ஒரு பிழைகூட இல்லை. மாதக் கூலியை நம்பி வாடகை கட்டுபவருக்கு இது உதவாது. உங்கள் வாடிக்கையாளர் பிட்காயின் என்று சொல்லாமல் யுஎஸ்டிடி என்று சொன்னது அதனால்தான்.

யுஎஸ்டிடி என்பது ஒன்றுக்கு ஒரு டாலர் என்று மதிப்பைக் கட்டி வைத்திருக்கும் ஸ்டேபிள்காயின். டெதர் என்ற நிறுவனம் வெளியிடுகிறது. இங்கே வாக்குக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார்: வெளியிட்ட ஒவ்வொரு நாணயத்துக்கும் ஈடான சொத்தை வைத்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. அந்த வாக்கின் வரலாறு முழுக்கத் தூய்மையானதல்ல. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் சரக்கு முன்பேர வணிக ஆணையம் டெதருக்கு 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது. 2016க்கும் 2018க்கும் இடையே ஆய்வு செய்த 26 மாதங்களில் 27.6 சதவீத நாட்களில்தான் முழு ஈடு கையில் இருந்தது என்று அதன் உத்தரவு சொல்கிறது. 2021 முதல் ஈட்டுச் சொத்தின் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறார்கள். நாணயமும் ஒரு டாலரை ஒட்டியே நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. டெதரிடமே நேரடியாகக் கொடுத்து டாலர் வாங்க வேண்டுமென்றால் குறைந்தபட்சத் தொகை ஒரு லட்சம் டாலர். நீங்களும் நானும் அந்த வாசலுக்கே போக முடியாது. சந்தையில் இன்னொருவர் வாங்கினால்தான் நமக்குக் காசு. நெருக்கடி நாளில் அந்த இன்னொருவர் என்ன விலை சொல்வார் என்பதே கேள்வி. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி மூழ்கியபோது, ஒழுங்கானது என்று பெயரெடுத்த யுஎஸ்டிசி என்ற வேறொரு ஸ்டேபிள்காயினின் ஈட்டுப் பணத்தில் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொண்டது. ஒரு டாலர் நாணயம் 90 சென்ட்டுக்கும் கீழே போனது. அமெரிக்க அரசு வங்கியின் வைப்புத்தொகைகளுக்கு உத்தரவாதம் தந்த பிறகு சில நாட்களில் மீண்டது. பயந்து விற்றவர்களுக்கு மட்டும் நட்டம். 2022 மே மாதம் சரிந்த டெர்ராயுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின் மீளவே இல்லை. அதன் பின்னால் டாலரோ கடன் பத்திரமோ இல்லாமல், முக்கியமாக லூனா என்ற இன்னொரு நாணயமும் ஒரு சூத்திரமுமே இருந்தன. அதைப் போட்டு வைத்தவர்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 20 சதவீத வட்டி என்றும் ஆசை காட்டப்பட்டது. ஒரு டாலர் என்று பெயர் வைத்திருப்பவை எல்லாம் ஒரே ரகமல்ல.

யுஎஸ்டிடியை வெளியிட்டவர் நினைத்தால் எந்த முகவரியில் இருப்பதையும் முடக்கலாம். காவல்துறை கேட்டால் முடக்குகிறார்கள். உங்களுக்கு அனுப்பியவரின் பணம் திருட்டுப் பணமாக இருந்தால் அந்தச் சிக்கல் உங்கள் வாசல்வரை வரலாம். வாடிக்கையாளர் நெடுநாள் பழக்கமானவர் என்பதால் உங்களுக்கு இந்த ஆபத்து குறைவு. புதிதாக வரும் முகம் தெரியாதவரிடம் இந்த வழியில் வாங்காதீர்கள்.

அடுத்தது எக்ஸ்சேஞ்ச். அங்கே உங்கள் கணக்கில் தெரியும் எண் நாணயமல்ல. அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கடன். மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் மூடியபோது சுமார் 8.5 லட்சம் பிட்காயினைக் காணவில்லை என்றது. பணம் வர வேண்டியவர்களுக்குப் பிட்காயினாகத் திரும்பத் தரத் தொடங்கியது 2024 ஜூலையில். எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் திவாலானது. வாடிக்கையாளர் பணத்தை எடுத்தாண்ட குற்றத்துக்காக அதன் நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃபிரைடுக்கு 25 ஆண்டு சிறை. அங்கே பணம் வைத்திருந்தவர்களின் பாக்கி, திவாலான நாளின் டாலர் மதிப்பில் கணக்கிடப்பட்டது. அதன்பின் பிட்காயின் பல மடங்கு ஏறியது அவர்கள் கணக்கில் ஏறவில்லை. ஆகவே எக்ஸ்சேஞ்ச் என்பது பணத்தை மாற்றப் போகும் இடம் மட்டுமே. வேலை முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும்.

இனி உங்கள் காரியத்துக்கு வருவோம்.

முதலில் எந்த நெட்வொர்க் (நாணயம் பதிவாகி நகரும் பேரேடு) என்பதை வாடிக்கையாளரோடு எழுத்தில் முடிவு செய்யுங்கள். யுஎஸ்டிடி பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது; அதிகம் புழங்குபவை ட்ரான், எத்தீரியம். ட்ரான் முகவரி ஆங்கில எழுத்தான 'டி'யில் தொடங்கி 34 எழுத்துகள் இருக்கும். எத்தீரியம் முகவரி பூஜ்யம், எக்ஸ் என்று தொடங்கி 42 எழுத்துகள். இந்த இரண்டுக்கும் இடையே குழப்பம் வந்தால் வாலட்டே (நாணயத்தைச் செலவழிக்கும் சாவியை வைத்திருக்கும் செயலி) பெரும்பாலும் தடுத்துவிடும். ஆபத்து எங்கே என்றால், எத்தீரியத்தின் முகவரி வடிவத்தையே பயன்படுத்தும் வேறு நெட்வொர்க்குகளில். அங்கே தவறாக அனுப்பினாலும் வாலட் ஏற்றுக்கொள்ளும். உங்கள் சொந்த வாலட்டுக்கு வந்திருந்தால் அதே சாவியால் அந்த நெட்வொர்க்கில் போய் எடுத்துவிடலாம். எக்ஸ்சேஞ்ச் முகவரிக்குப் போயிருந்தால் அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு.

வாலட்டை நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தட்டாதீர்கள். நிறுவியதும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைக் காட்டும். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. அந்தச் சொற்கள்தான் பணம். போன் வெறும் திரை. பேனாவால் காகிதத்தில் வரிசை மாறாமல் எழுதி, இரண்டு பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். படம் பிடிக்காதீர்கள், மின்னஞ்சலில் போடாதீர்கள். போன் படங்கள் தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்விடுகின்றன என்பது பலருக்குப் பணம் போன பிறகுதான் நினைவுக்கு வருகிறது. உதவி மையத்திலிருந்து பேசுகிறேன், சொற்களைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் அவர் திருடர். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

பணம் வருவதற்கு முன்பே ஒரு பயிற்சி செய்யுங்கள். வாலட்டை அழித்துவிட்டு, காகிதத்தில் இருக்கும் சொற்களைக் கொண்டு மீட்டுப் பாருங்கள். அதே முகவரி திரும்ப வந்தால் எழுதியது சரி. காலியாக இருக்கும்போது பிழை தெரிந்தால் நட்டமில்லை.

நெட்வொர்க் கட்டணம் அடுத்த பொறி. யுஎஸ்டிடியை அனுப்ப யுஎஸ்டிடி மட்டும் போதாது. ட்ரானில் அனுப்ப டிஆர்எக்ஸ் என்ற அதன் சொந்த நாணயமும், எத்தீரியத்தில் அனுப்ப ஈதரும் வாலட்டில் கொஞ்சம் இருக்க வேண்டும். 500 டாலர் வந்து நிற்கும், கட்டணத்துக்கு நாணயம் இல்லாமல் அசைக்க முடியாது. எக்ஸ்சேஞ்சில் சிறிதளவு டிஆர்எக்ஸ் வாங்கி முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். ட்ரானில் யுஎஸ்டிடி இருப்பு இல்லாத முகவரிக்கு அனுப்பினால் கட்டணம் சுமார் இரு மடங்கு ஆகும். முதல் முறை அதிகம் பிடித்தால் திகைக்க வேண்டாம். இந்தக் கட்டணத்தை வைத்தே ஒரு மோசடி நடக்கிறது. யாரோ ஒருவர் அப்பாவியாகத் தன் மீட்புச் சொற்களைப் பொதுவில் போட்டு, இதிலுள்ள யுஎஸ்டிடியை எடுக்க உதவுங்கள் என்பார். எடுக்கலாமென்று ஆசைப்பட்டுக் கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் போடுபவரின் பணம்தான் போகும். அந்த வாலட்டிலிருந்து எடுக்கும் உரிமை ஏற்கெனவே வேறு சாவிக்கு மாற்றப்பட்டிருக்கும்.

முதல் மாதம் முழுத் தொகைக்கு முன் 10 டாலர் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததை வாலட் திரையில் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். பேரேட்டுப் பதிவுகளைக் காட்டும் ட்ரான்ஸ்கேன் அல்லது ஈதர்ஸ்கேன் தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டு, வந்த நாணயத்தின் ஒப்பந்த முகவரியும் (அந்த நாணயத்தை இயக்கும் நிரலின் முகவரி) டெதர் தன் தளத்தில் கொடுத்திருக்கும் ஒப்பந்த முகவரியும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். யுஎஸ்டிடி என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு போலி நாணயத்தை உருவாக்கலாம். பெயரும் சின்னமும் அப்படியே இருக்கும். வேலையை ஒப்படைக்கும் முன் இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். ட்ரானில் ஒரு நிமிடத்திலும் எத்தீரியத்தில் கால் மணி நேரத்திலும் பதிவு உறுதியாகிவிடும்.

அந்த 10 டாலரைக் கடைசிவரை ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்: வாலட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச், அங்கிருந்து உங்கள் வங்கி. பாதி வழி சரியாக இருப்பதால் பயனில்லை.

முகவரியைக் கையாளும்போது இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். நகலெடுத்த முகவரியை ஒட்டும் நேரத்தில் மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. ஒட்டிய பிறகு முழு முகவரியையும் படித்துப் பாருங்கள். இன்னொன்று, பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை எடுப்பது. மோசடிக்காரர்கள் முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒத்துப்போகும் முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகையோ சில்லறையோ அனுப்பி உங்கள் பட்டியலில் இடம் பிடித்துவிடுவார்கள். நான்கு எழுத்தைப் பார்த்து நகலெடுத்தால் பணம் அவர்களுக்குப் போகும். வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் ஒருமுறை சேமித்து, எப்போதும் அங்கிருந்தே எடுங்கள். தவறான இடத்துக்குப் போனதைத் திருப்பித் தர எந்த மேலாளரும் இல்லை. வங்கிப் பரிமாற்றத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளில் இதுவே மிகப் பெரியது.

எக்ஸ்சேஞ்சைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு பெற்றதா என்று அந்த அமைப்பின் தளத்திலேயே பாருங்கள். எக்ஸ்சேஞ்சின் விளம்பரத்தில் பார்ப்பதில் பயனில்லை. உள்நுழைவுக்குக் குறுஞ்செய்தி ஓடிபியைவிட, போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலி மேல். உங்கள் எண்ணுக்கு மாற்று சிம் கார்டை ஏமாற்றி வாங்கி ஓடிபியைப் பிடிப்பது பழைய தந்திரம். எந்தெந்த முகவரிகளுக்கு மட்டும் பணம் வெளியே போகலாம் என்று பட்டியலிட்டுப் பூட்டும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

நபருக்கு நபர் விற்கும் முறையில் கூடுதல் விலை கிடைப்பதுபோல் தெரியும். என் ஆலோசனை: உங்களுக்கு அது வேண்டாம். வாங்குபவர் உங்கள் வங்கியில் போடும் பணம் வேறு யாரிடமோ ஏமாற்றி எடுத்ததாக இருந்தால், புகார் எழுந்ததும் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. வேறு வழியே இல்லாமல் செய்ய நேர்ந்தால், வாங்குபவரின் சரிபார்க்கப்பட்ட பெயரும் பணம் வரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் அனுப்பிய ரசீதின் படத்தையோ குறுஞ்செய்தியையோ பார்த்து நாணயத்தை விடுவிக்காதீர்கள். வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே விடுவியுங்கள்.

லாபம் உண்டா என்று கேட்டீர்கள். கட்டணப் பட்டியலைப் பார்த்தால் தெரியாது, கைக்கு வந்த தொகையைப் பார்த்தால் தெரியும். உதாரணமாக 500 டாலர் கூலி. நெட்வொர்க் கட்டணம் 2 டாலர், எக்ஸ்சேஞ்ச் கழிவு 1 சதவீதம் என்றால் 5 டாலர், அன்றைய டாலர் மதிப்பைவிட எக்ஸ்சேஞ்ச் தரும் விலை ஒன்றரை சதவீதம் குறைவென்றால் 7.50 டாலர். மொத்தம் 14.50 டாலர். வங்கி வழியில் அனுப்பும் கட்டணம், இடை வங்கிப் பிடித்தம், மாற்று விகித இழப்பு மூன்றும் சேர்ந்து இதைவிட அதிகமென்றால் மாறுவதில் பொருள் உண்டு. 5 டாலர் வித்தியாசத்துக்காக என்றால், மீட்புச் சொற்களைக் காக்கும் பொறுப்புக்கே அந்தக் கூலி போதாது. வங்கி முறை சீராக இயங்கும் நாட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மிச்சம் சொற்பம். பணம் வரப் பல நாட்கள் ஆகும், பாதியில் திரும்பிவிடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இது நிஜமான வசதி.

மைத்துனரின் செயலி பற்றி. தினம் 1 சதவீதம் கூட்டு வட்டியில் ஓடினால் ஓர் ஆண்டில் 100 டாலர் சுமார் 3,778 டாலர் ஆகும். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவர் உங்கள் 500 டாலருக்காகக் காத்திருக்க மாட்டார். இரண்டு முறை பணம் வந்தது என்பதும் ஆறுதலல்ல. சிறு தொகையைத் தடையில்லாமல் கொடுத்தால்தான் பெருந்தொகை வரும். கொடுக்கப்படுவது புதிதாகச் சேர்ந்தவர்களின் பணம். தினசரி வருமானம் என்று ஆசை காட்டிய பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ திட்டம் 2018 ஜனவரியில் இப்படித்தான் முடிந்தது. பெரிய தொகையை எடுக்கப் போகும்போது, முதலில் வரி கட்டுங்கள், கணக்கைச் சரிபார்க்க வைப்புத்தொகை கட்டுங்கள் என்று கேட்டால் அதோடு நிறுத்திவிட வேண்டும். கட்டினால் அதுவும் போகும். பிறகு, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று இன்னொருவர் வருவார். பெரும்பாலும் பழைய கும்பலே அது. செயலித் திரையின் படங்கள், அனுப்பிய முகவரிகள், பரிவர்த்தனை எண்கள் ஆகியவற்றைச் சேமித்துக் காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் கொடுப்பதே மைத்துனருக்குள்ள வழி. விரைந்து கொடுத்தால் பணம் நிற்கும் முகவரியை முடக்கச் சிறிதேனும் வாய்ப்பு இருக்கிறது.

அரசுகள் வெளியிடும் டிஜிட்டல் பணம் வேறு வகை. பஹாமாஸின் சாண்ட் டாலர் 2020இலும் நைஜீரியாவின் இ-நைரா 2021இலும் வந்தன. இந்தியாவில் பொதுமக்களுக்கான டிஜிட்டல் ரூபாய் 2022 டிசம்பரில் சோதனை முறையில் தொடங்கியது. இவை மத்திய வங்கியின் நேரடிப் பொறுப்பு. அந்தந்த நாட்டுப் பண நோட்டுக்கு உள்ள மதிப்பே இவற்றுக்கும் உண்டு. நோட்டை விட்டுத் தனியாக மதிப்பு சரியுமோ என்ற பயம் இங்கே இல்லை. நீங்கள் எங்கே செலவழித்தீர்கள் என்பதை யாரெல்லாம் பார்க்க முடியும் என்பதே இங்கு எழும் கேள்வி. ஆனால் இவை உள்நாட்டுப் புழக்கத்துக்கானவை. வெளிநாட்டுக் கூலி வாங்க இப்போதைக்கு உங்களுக்கு உதவாது.

ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் தேதி, நேரம், யுஎஸ்டிடி அளவு, அன்றைய உங்கள் நாட்டுப் பண மதிப்பு, பரிவர்த்தனை எண், தொடர்புடைய பில் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பல நாடுகளில் கூலியாக வந்த கிரிப்டோ, வந்த நாளின் மதிப்பில் வருமானமாகக் கணக்காகும். விற்கும்போது வரும் வித்தியாசத்துக்கு வேறு விதி. சில நாடுகளில் ஏற்றுமதி வருமானம் வங்கி வழியேதான் வர வேண்டும் என்ற விதியும் உண்டு. உங்கள் கணக்காளரிடம் இந்த ஒன்றை வாடிக்கையாளருக்குச் சரி சொல்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பில்லில் கூலியை டாலரில் எழுதி, எந்த நெட்வொர்க், எந்த முகவரி, கட்டணம் யார் தலையில் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அந்த முகவரியைக் காணொளி அழைப்பில் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டுங்கள். மின்னஞ்சலைக் கைப்பற்றி முகவரியை மாற்றி அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். முதல் மாதம் பாதிக் கூலியை வங்கி வழியிலேயே அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு வழியிலும் கைக்கு வந்ததைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் மாதத்துக்கு முடிவெடுக்கலாம்.